ஐந்தாம் எண்

போன மாதம் பேத்தி லீவுக்கு அரியமங்கலம் வந்திருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். லேப்டாப்பில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவள், "தாத்தா, இங்க பாருங்க. நான் ஒண்ணை விட்டுட்டேன்னு இதுவே சொல்லுது" என்றாள். பார்த்ததும் எனக்கு 1983 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியலுக்குக் கோபால் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். (வீட்டில் "யார் அந்தக் கோபால்?" என்று கேட்பார்கள்.) ஊழியர்களுக்கு நான்கு எண்கள்: நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, பயிற்சி. எண்ணைப் பார்த்து அந்தந்தக் கணக்குக்குத் தாவச் சொல்லும் கட்டளை ஒன்று கோபாலில் உண்டு. பட்டியலில் இல்லாத எண் வந்தால் அது சத்தம் போடாது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நான் எழுதியிருந்த அடுத்த வரி, 'அடுத்த கார்டைப் படி'.

கணவர் இறந்து கருணை அடிப்படையில் வேலைக்குச் சேர்ந்த ஓர் அம்மாவுக்குப் புதிதாக 5 என்று எண் கொடுத்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் பட்டியலில் அவர் பெயரே இல்லை. சின்னப் பையனைக் கையில் பிடித்தபடி கவுண்டரில் நின்றவரை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமும் அதே கதை. அதன் பிறகுதான் என் புரோகிராமைப் பிரித்துப் பார்த்தேன்.

இதற்கான வழி அப்போதே ஸ்காட்லாந்தில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ராபின் மில்னர் 1970-களில் எம்.எல். என்ற மொழியை, தேற்றங்களை நிரூபிக்கும் ஒரு கருவிக்காக அமைத்தார். அதே ஊரில் ராட் பர்ஸ்டாலும் சகாக்களும் 1980-ல் வெளியிட்ட ஹோப் மொழியில், என்னென்ன வகைகள் உண்டு என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதலாம். முழுப் பட்டியலும் கையில் இருப்பதால், எது விடுபட்டது என்று கம்பைலரே எண்ணிப் பார்த்துவிடும். 1990-ல் வந்த ஸ்டாண்டர்டு எம்.எல். இலக்கண நூல், வகை விடுபட்டால் கம்பைலர் எச்சரித்தே ஆகவேண்டும் என்று விதியே வைத்தது. எச்சரிக்கைதான், தடை இல்லை. கேட்பதும் கேட்காததும் எழுதுகிறவன் பாடு.

பிறகு பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் லூக் மராஞ்ஜே இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று 2007-ல் விரிவாக எழுதினார். பேத்தி எழுதிய ஓகேமல் அங்கே வளர்ந்த மொழி. பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய அதன் 5.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அதில் சென்னை ஐ.ஐ.டி.யின் கே.சி.சிவராமகிருஷ்ணனுக்குப் பெரும் பங்கு உண்டு. நம்ம ஊர்ப் பக்கத்துப் பெயரைக் கேட்டதும் ஒரு சந்தோஷம்.

என் நான்கு வகைகளையும் சொல்லி எழுதச் சொன்னேன். ஐந்தாவதாகக் 'கருணை'யைச் சேர்த்தாளோ இல்லையோ, சம்பளக் கணக்கு முழுமையில்லை, விடுபட்டது 'கருணை' என்று பெயர் சொல்லியே வந்து நின்றது. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கடைசியில 'மற்றவை'ன்னு ஒரு வரி போட்டா போதாதாம்மா?"

"போட்டா எச்சரிக்கையே வராது தாத்தா. புதுசா யார் வந்தாலும் சத்தமில்லாம அதுக்குள்ள போயிடுவாங்க."

1983-ல் அந்த அம்மாவுக்கு ஒரு கணக்கு எழுதிவிட்டு, வேறு எந்த எண் வந்தாலும் தினக்கூலியில் சேர்த்துவிடு என்றும் ஒரு வரி போட்டேன். ஆறாம் எண் யாருக்காவது கொடுத்தார்களா என்று நான் விசாரிக்கவே இல்லை.