மோட்டார் ஹோமில் பிரேக் மிதித் தொய்வு

பிரேக் மிதியை அழுத்தும்போது உறுதியான எதிர்ப்பு இல்லாமல், பஞ்சை மிதித்ததுபோல் கால் உள்ளே இறங்குவது பிரேக் மிதித் தொய்வு. ஹைட்ராலிக் பிரேக் உள்ள எந்த வண்டியிலும் இது வரலாம் என்றாலும், படுக்கையும் சமையலறையும் சுமந்து செல்லும் மோட்டார் ஹோமில் இதன் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் டீசல் எஞ்சின் பின்னால் உள்ள பெரிய மோட்டார் ஹோம்களில் பெரும்பாலும் காற்று பிரேக்தான். பெட்ரோலில் ஓடுபவை ஹைட்ராலிக் பிரேக்கை நம்பியிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு அடித்தளமான ஃபோர்டு எஃப்-53 சேசிஸின் மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டு வரை, ஏறத்தாழ 11.8 டன், செல்கிறது.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் இந்த பிரேக்கின் அடிப்படை. குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்தால், காலின் விசை முதலில் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். ஆகவே மிதி தொய்ந்ததும் எல்லோரும் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, கிளம்புகிறார்கள். காற்று முதன்மையான காரணம்தான், ஆனால் ஒரே காரணம் அல்ல. காரணத்தைக் கண்டறியாமல் ஏர் எடுப்பதில் ஆயிலும் நேரமும்தான் வீணாகும்.

மோட்டார் ஹோமுக்கே உரிய சிக்கல் அது மாதக்கணக்கில் நின்றுகொண்டிருப்பது. கிளைகால் வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓடாத வண்டியிலும் இது நடந்துகொண்டே இருக்கும். அமெரிக்கத் தரப்படி புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி காற்றைப் போலவே அமுங்குவதால் மிதி தரையைத் தொட்டுவிடும். வண்டி ஆறியதும் மிதி பழையபடி உறுதியாகிவிடுவதால் பட்டறையில் கோளாறு எதுவும் தெரியாது. இந்தத் தொய்வு வகைகளில் மிகக் கொடியது இதுதான். நிறம் மாறவில்லை என்று பழைய ஆயிலை விட்டுவைக்கக் கூடாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மிதி நடந்துகொள்ளும் விதமே கோளாறு எங்கே என்பதைக் காட்டும். வேகமாக இரண்டு மூன்று முறை அழுத்தியதும் உயர்ந்து கெட்டியானால், டிரம் பிரேக்கில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி கூடியிருக்கலாம். உயர்ந்தும் துள்ளலாகவே இருந்தால் காற்று. ஒரே விசையில் அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே ஈரம் தெரியாவிட்டால் மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கும். எஃப்-53 போல ஹைட்ரோ-பூஸ்ட் என்ற திரவ அழுத்த உதவி அமைப்பு உள்ள வண்டியில் எஞ்சினை நிறுத்தி, சேமிப்பு அழுத்தம் தீரும்வரை மிதித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது மிதி கல்லாக நின்றால் குழாய்களில் பெரும்பாலும் குறையில்லை. எஞ்சினை இயக்கியதும் மிதி சற்று இறங்குவது இயல்பே.

ஷூ இடைவெளியின் முக்கியத்துவத்துக்கு 1973 முதல் 1978 வரை வெளிவந்த ஜிஎம்சி மோட்டார் ஹோம் நல்ல சான்று. ஆறு சக்கரம் கொண்ட அந்த வண்டியில் முன்னே டிஸ்க், பின்னே நான்கு டிரம். நான்கிலும் இடைவெளி சிறிது கூடினாலே, மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலில் பெரும்பகுதி ஷூவை டிரம் வரை நகர்த்துவதிலேயே தீர்ந்துவிடும். இடைவெளியைச் சரிசெய்யாமல் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மிதி உயராது. பழைய ரப்பர் ஹோஸ்கள் அழுத்தத்தில் பருத்தாலும் இதே தொய்வு வரும். அவற்றை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஏர் எடுக்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டு வைத்து, உறுதியான ஸ்டாண்டில் தாங்க வேண்டும். வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் புகுவது உயிரோடு விளையாடுவது. தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கலாம். பிளீடர் ஸ்குரூவில் ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள புட்டியில் மூழ்கவிட வேண்டும். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஸ்குரூவைத் திறந்து மூடுவார். மூடிய பிறகே கால் எழ வேண்டும். குமிழ் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். இடையில் ஆயில் தொட்டி வற்றினால் காற்று மறுபடி புகும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் மிதியைத் தரைவரை தள்ளக் கூடாது. வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதியில் உரசி ரப்பர் கிழிந்துவிடும். புதிய மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துமுன்பே மேசையில் வைத்துக் காற்றை வெளியேற்றுவது நல்லது. ஏபிஎஸ் பகுதியில் சிக்கிய காற்றை எடுக்க, அதன் பம்பை இயக்கும் ஸ்கேன் கருவி தேவைப்படலாம்.

டாட் 5 சிலிக்கான் ஆயில் நீரை உறிஞ்சாது. ஆனால் அது கிளைகால் வகையோடு சேராது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஏற்றதல்ல. ஆயில் தொட்டியின் மூடியில் அச்சிட்ட வகையை மட்டுமே, முத்திரை உடையாத புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு அரை நிமிடம் மிதியை அழுத்திப் பிடித்துப் பார்த்து, ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும். பிடித்திருக்கும்போது மிதி சிறிதளவு இறங்கினாலும் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள்.