விளையாட்டுப் பெட்டி வீட்டுத் திரையான கதை

கோலசிலாங்கூர் வரலாறு எழுதச் சொன்னால் மாணவர்கள் நேரே புக்கிட் மெலாவத்திக்குப் போய்விடுவார்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தது, 1907-இல் கலங்கரை விளக்கம் எழுந்தது என்று வரிசையாக வரும். நல்லதுதான். ஆனால் அதே மாவட்டத்தில், புக்கிட் ரோத்தானிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்ந்த நம் குடும்பங்களின் வரலாற்றை எங்கே தேடுவது? வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சி வைத்திருக்கும் மேசையிலிருந்தும் தொடங்கலாம். பிள்ளைகள் ‘கேம்’ விளையாட வாங்கிய பெட்டி வீட்டுக்கே படம் காட்டும் பெட்டியான கதை அங்கே இருக்கிறது.

திடலிலிருந்து கூடத்துக்கு

தோட்டத்து மக்கள் முதலில் படம் பார்த்தது திடலில்தான். 1946-இல் மலாயன் பிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. தகவல் இலாகாவின் வண்டிகள் ஊர் ஊராகவும் தோட்டம் தோட்டமாகவும் போய்த் திரை கட்டிப் படம் காட்டின. பாயை விரித்து எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து பார்த்த காலம் அது.

1963 டிசம்பர் 28-இல் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1978-இல் வண்ணம் வந்தது. ஆனால் பெட்டி இருந்தால் மட்டும் போதாதே, மின்சாரம் வேண்டுமே! பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் வெளிச்சம். தொழிலாளர்களின் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்த சட்டம் 446 வந்ததே 1990-இல்தான்.

மின்சாரம் வந்த வீட்டிலும் தமிழ் நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம்தான். 1996-இல் ஆஸ்ட்ரோவும் அதன் வானவில் அலைவரிசையும் வந்தன. அதற்கு மாதா மாதம் கட்டணம் கட்டணும். தோட்டச் சம்பளத்தில் அது எல்லாராலும் முடிகிற காரியமா?

தட்டு செய்த மாற்றம்

1983-இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ ஃபேமிகாமும், அதைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகளும் ‘கார்ட்ரிட்ஜ்’ செருகி விளையாடுபவை. அந்த கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு விளையாட்டு அடங்கும். ஒரு படம் அடங்காது. அதனால் அந்தக் காலத்துக் கருவி வெறும் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது.

சிடி வந்ததும் நிலைமை மாறியது. ஒரு தட்டில் சுமார் 650 மெகாபைட் கொள்ளும். விளையாட்டு, பாட்டு, படம் எதுவானாலும் ஒரே அளவுத் தட்டு, ஒரே லேசர் கண். 1993-இல் விசிடி என்னும் படத்தட்டு முறை உருவானது. ஒரு தட்டில் 74 நிமிடம் வரை படம் இருக்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு இரண்டு, மூன்று தட்டுகள். பாதியில் ஒருத்தர் எழுந்து போய்த் தட்டு மாத்தணும்.

1994 டிசம்பர் 3-இல் சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளியானது. அது பாட்டு சிடியையும் ஒலிக்கச் செய்தது. 1997-இல், ஜப்பான் நீங்கலான ஆசியச் சந்தைக்காக, விசிடி பார்க்கக்கூடிய வெள்ளை நிற பிளேஸ்டேஷனை சோனி தனியாக விற்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விசிடி பெரிதாகப் பரவவில்லை. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும்தான் வீட்டுக்கு வீடு அது ஓடியது. ஆக, இந்த வட்டாரத்து மக்கள் படம் பார்த்த பழக்கம் ஓர் உலக நிறுவனத்தின் கருவியையே மாற்றியது. தேர்வில் ‘காரணமும் விளைவும்’ என்று கேட்டால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

2000 மார்ச் 4-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடியும் ஓட்டியது. அதுவரை விளையாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டு கருவி வாங்க யோசித்த குடும்பத்துக்கு இப்போது ஒன்றே போதும். “வெறும் கேமுக்கா இவ்வளவு காசு?” என்று கேட்கும் பெற்றோரிடம் “படமும் பார்க்கலாம்பா” என்று சொல்லப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைத்தது. உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பசார் மாலாமில் விற்ற தட்டுகளில் திருட்டுப் பிரதிகள் ஏராளம். அதைத் தடுக்கத் தட்டுத் தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்று அரசு 2000-இல் ஒளித்தட்டுச் சட்டம் (சட்டம் 606) கொண்டுவந்தது.

தட்டு போய் இணையம்

2006-இல் பிளேஸ்டேஷன் 3 புளூ-ரே தட்டோடு வந்தது. எதிர்த்து நின்ற எச்டி டிவிடி 2008-இல் களத்தைவிட்டு விலகியது. 2016 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது. 2019 அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது. இன்றைய கேம் கருவியில் இணையம் இருந்தால் தட்டே இல்லாமல் படம் பார்க்கலாம்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் டிவிடி ஓட்டும். சிடியையும் விசிடியையும் ஓட்டாது. நம் வீடுகளில் விசிடியில் இருப்பது சினிமா மட்டுமா? கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் அதில்தான் பதிவாகின. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு மறைந்துபோன லயங்களும் தோட்டத்துக் கோயில்களும் அசையும் படமாக மிஞ்சியிருப்பது அந்தத் தட்டுகளில் மட்டுமாக இருக்கலாம். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் தட்டு காலப்போக்கில் கெட்டுப்போகும். சினிமா தொலைந்தால் வேறு பிரதி கிடைக்கும். தாத்தா கல்யாணத்துக்கு எங்கே போய்ப் பிரதி தேடுவது?

வகுப்பில் செய்யலாம்

டிவிடி டிரைவ் உள்ள கணினியில் விசிடியைப் போட்டால் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறை தெரியும். அதிலுள்ள ‘டேட்’ கோப்புதான் படம். அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு விஎல்சி போன்ற மென்பொருளில் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு குடும்பத் தட்டைப் பெரியவர்கள் அனுமதியோடு காப்பாற்றினாலே ஒரு வகுப்புக்கு முதன்மைச் சான்றுகள் சேர்ந்துவிடும்.

பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு கேள்வி கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்:

1. வீட்டுக்கு மின்சாரம் எப்போது வந்தது?
2. முதலில் படம் பார்த்தது எங்கே, யாரோடு?
3. படம் ஓட்ட முதலில் வாங்கிய கருவி எது, யார் காசில்?
4. இந்தத் தட்டில் தெரியும் இடம் இப்போது என்னவாக இருக்கிறது?

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும். ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது அதைச் செய்தவர் வைத்த பெயரோடு நின்றுவிடாதீர்கள். அதை வாங்கியவர் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்று எழுதுங்கள். நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.