காருக்கு ரெண்டு பவுண்ட்!

1966, ஜனவரி. மத்தியதரைக் கடலோரம் இருக்கும் மொனாக்கோவில் மான்டி கார்லோ ராலி முடிந்திருந்தது. ஐரோப்பாவின் பனிமலைகளில் ராப்பகலாக ஓடி வந்த கார்களில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தது ஒரே ரகம். சுமார் பத்தடி நீளமே உள்ள பொடிப்பயல். மினி கூப்பர்.

பரிசு கொடுக்க வேண்டியதுதானே பாக்கி? இல்லை. நடுவர்கள் கார்களைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மணிக்கணக்காகத் துருவினார்கள். எஞ்சினில் தில்லுமுல்லு இல்லை. கடைசியில் ஹெட்லைட் பல்பில் பிடித்தார்கள். எதிரே வண்டி வந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்துகிற ஏற்பாடு விதிப்படி இல்லையாம். மூன்று மினிகளும் அவுட்! ஜெயித்தவர் என்று அறிவிக்கப்பட்டது சிட்ரோயன் காரில் வந்தவர். பிரெஞ்சுக் கம்பெனி. பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்துப் போயின. பரிசு வாங்கிய பாவ்லி டாய்வோனென் என்கிற ஃபின்லாந்துக்காரருக்கே சங்கடம்.

எதற்கு அவ்வளவு ஆத்திரம்? இரண்டு வருஷம் முன்பு, 1964ல், இதே ராலியில் 4,700 சிசி எஞ்சின் வைத்த அமெரிக்க ஃபோர்டை 1,071 சிசி மினி தோற்கடித்திருந்தது. 1965லும் மினிதான். யானையை எலி துரத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இந்தக் கதையை இப்போது எடுக்க ஒரு காரணம் உண்டு. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பரின் பையன். இருபத்தாறு வயசு. அப்பாவோடு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். வாரம் ரெண்டு தடவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சரக்கு விஷயமாகப் போய் வருகிறான். பழைய காரைத் தள்ளிவிட்டு அடுத்த கார் எடுக்க வேண்டும். அப்பா பத்து லட்சத்துக்குத் தலையாட்டிவிட்டார். பையனின் திட்டம் இது. ஏழு லட்சத்துக்கு ஒரு டர்போ ஹாட்ச்பேக், செகண்ட் ஹேண்டில். மீதி மூன்று லட்சத்தைப் போட்டு அதை ‘ஏத்துவது’. சிப் மாற்றுவது, சைலன்சர் மாற்றுவது, ஸ்பிரிங்கைத் தாழ்த்துவது. “பாதி பாகத்தை நம்ம லேத்துலயே கடைஞ்சிடலாம்ணே!” என்கிறான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அப்பாவோ, “நீ கணக்குப் படிச்சவன், நீயே சொல்லு” என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் பி.காம். எஞ்சினைப் பற்றிச் சொல்வதைவிட லெட்ஜரைப் பற்றி நன்றாகச் சொல்வேன். ஆனால் இந்தச் ‘சின்ன வண்டி, பெரிய ஓட்டம்’ சரித்திரத்தை லெட்ஜரோடு சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்குகிறது.

1956. எகிப்தில் நாசர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். சண்டை வந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் இன்ஜினீயர் அலெக் இஸிகோனிஸைக் கூப்பிட்டது. ‘சின்னதாக, சிக்கனமாக ஒரு கார் போடு.’ துருக்கியில் பிறந்த ஆசாமி. பிடிவாதக்காரர். எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதற்கு அடியில் சொருகினார். மிச்சமான இடமெல்லாம் மனுஷர்களுக்கு. இன்று நீங்கள் ஓட்டும் சின்ன கார் அநேகமாக எல்லாமே குறுக்கே எஞ்சின் வைத்ததுதான். 1959ல் மினி வந்தது. 848 சிசி, 34 குதிரைசக்தி. நியாயமாகப் பார்த்தால் அதற்குப் பின்பக்கம் மேலே திறக்கும் ஹாட்ச்பேக் கதவு கிடையாது. ஆனாலும் குலமுதல்வன் அவன்தான்.

ஜான் கூப்பர் என்று இன்னொருவர். ரேஸ் கார் கட்டுகிறவர். 1959, 1960 இரண்டு வருஷமும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் அவருடைய கார்களுக்குத்தான். மினியை ஓட்டிப் பார்த்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. இது வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்புகிறதே! எஞ்சினை மட்டும் கொஞ்சம் ஏற்றினால்? இஸிகோனிஸுக்குப் பிடிக்கவில்லை. சாமானியனுக்குப் போட்ட வண்டியில் ரேஸ் எதற்கு என்பது அவர் கட்சி. கூப்பர் நேராகக் கம்பெனித் தலைவரிடம் போனார். ஒப்பந்தம் முடிந்தது. விற்கிற ஒவ்வொரு காருக்கும் கூப்பருக்கு ராயல்டி எவ்வளவு தெரியுமா?

ரெண்டு பவுண்ட்.

1961ல் வந்த மினி கூப்பர் 997 சிசி, 55 குதிரைசக்தி. இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கூப்பர் எஞ்சினை ஏற்றியதோடு நிற்கவில்லை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார். ஓட வைத்தவனே நிறுத்தவும் வழி செய்தான். காருக்கு முத்திரை கம்பெனியுடையது. வாரண்டியும் கம்பெனியுடையது. யோசனை மட்டும் பட்டறைக்காரருடையது.

அப்புறம் 1968ல் கம்பெனி பிரிட்டிஷ் லேலண்டாக மாறியது. 1971ல் புது நிர்வாகம் செலவுப் பட்டியலைப் புரட்டியது. யாரிந்த கூப்பர்? எதற்குக் காருக்கு ரெண்டு பவுண்ட்? அடி, சிவப்பு மையில் ஒரு கோடு! ராயல்டி மிச்சம். கூடவே உலகமே ஆசைப்பட்ட ஒரு பெயரும் போயிற்று. மினி பிராண்ட் பிறகு பி.எம்.டபிள்யூ. கைக்குப் போனது. இப்போது அவர்கள் விற்கும் வேகமான மினியின் முதுகில் ‘ஜான் கூப்பர் வொர்க்ஸ்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறது. லெட்ஜரில் செலவு தெரியும், பெயரின் மதிப்பு தெரியாது. எங்கள் படிப்பில் இருக்கும் ஓட்டை அது.

ஜெர்மனியில் நடந்தது வேறு மாதிரி. ஃபோக்ஸ்வாகனில் நாலைந்து பேர் ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு, மேலிடத்துக்குத் தெரியாமல் ஒரு வேகமான காரை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடி உலகத்தை உலுக்கிய நேரம் அது! 1975ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தார்கள். கோல்ஃப் ஜி.டி.ஐ. 1,588 சிசி, 110 குதிரைசக்தி, எடை 810 கிலோ. 5,000 கார் விற்றால் போதும் என்பது திட்டம். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் போனது. ‘ஹாட் ஹாட்ச்’ என்ற ஜாதியே அங்கிருந்துதான் பிரபலமானது. 1984ல் பிரெஞ்சுக்காரர்கள் பெஜோ 205 ஜி.டி.ஐ.யோடு வந்தார்கள். அது தனிக் காவியம், இங்கே இடமில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

1983 டிசம்பரில் மாருதி 800. 796 சிசி. அம்பாசடரையும் பத்மினியையும் தவிர வேறு அறியாத தேசத்துக்கு அதுவே ராக்கெட். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில்தான் அன்றைக்கு ரேஸ். கோயம்புத்தூர் கரிவரதன் என்ன செய்தார் என்றால், அந்த மாருதி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்தார். ‘ஃபார்முலா மாருதி.’ பல இளைஞர்கள் அதில் ஓட்டிப் பழகினார்கள். 1995ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக் அவர் பெயரில்தான். சோழவரத்துக்குப் பதிலாக 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. பக்கத்திலேயே பிற்பாடு ஹூண்டாய் தொழிற்சாலை.

1993ல் ஜென் வந்தது. ராலிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2001ல் ஃபியட் பாலியோ 1.6. நூறு குதிரைசக்தி, விளம்பரத்துக்கு சச்சின். ஓட்டியவர்கள் இன்றும் உருகுவார்கள். ஆனால் அந்த வண்டியால் அதிகம் சந்தோஷப்பட்டவர் பெட்ரோல் பங்க்காரர்தான்.

இந்தியாவில் ஹாட்ச்பேக்கின் எஞ்சினைத் தீர்மானித்தது ரேஸ் டிராக் இல்லை சார், பட்ஜெட். 2006ல் நிதியமைச்சர் ப.சிதம்பரம் சின்ன கார்களுக்குக் கலால் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆக்கினார். ஆனால் ஒரு லட்சுமணன் கோடு. நீளம் 4 மீட்டருக்குள். பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500க்குள். அவ்வளவுதான். 1,300, 1,400, 1,600 சிசி எல்லாம் மெல்ல மூட்டை கட்டின. ஸ்விஃப்ட்டே 2010ல் 1,298லிருந்து 1,197 சிசிக்கு இறங்கியது. கோட்டைத் தாண்டாமல் ஓடத் தெரிந்தது டர்போ மட்டும்தான். வெளியே வீணாகப் போகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற வித்தை. ஒரு லிட்டர் எஞ்சினில் 120 குதிரைசக்தி வருவது அதனால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யிலும் அதே கோடு. உள்ளே இருந்தால் 18 சதவிகிதம், தாண்டினால் 40.

கோட்டைத் தாண்டியும் சிலர் முயன்றார்கள். 2015ல் 1.4 லிட்டர் அபார்த் புன்டோ, 145 குதிரைசக்தி, பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. 2016ல் போலோ ஜி.டி.ஐ., இறக்குமதி, ஆரம்ப விலை 26 லட்சத்துக்கு ஆயிரம்தான் குறைவு! வந்ததே 99 கார்.

இதற்கெல்லாம் நடுவில்தான் கோயம்புத்தூர் ஒரு காரியம் செய்தது. ரேஸ் ஓட்டியவரான ஜெ.ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸ். 2017ல் ஆளுக்குப் பாதி கூட்டு. அப்படியே கூப்பர் கதை! 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. வந்தது. சாதா டியாகோவின் 85 குதிரைசக்தி இதில் 114. சஸ்பென்ஷன், டயர், ஸ்டியரிங், சைலன்சர் சத்தம் எல்லாம் திருத்தப்பட்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பத்து விநாடிக்கும் குறைவு. விலை 6.39 லட்சம். தெருவோரப் பட்டறையில் செய்கிற வேலையை, கம்பெனி முத்திரையோடு, வாரண்டியோடு, ஆர்.சி.யில் ஏறியபடி ஒரு தமிழ்நாட்டுப் பட்டறை செய்து கொடுத்தது.

ரெண்டே வருஷம். 2020ல் கூட்டு கலைந்தது. ஜெயத்தின் பங்கை டாடா வாங்கிக்கொண்டது. ஜே.டி.பி. நின்றுபோனது. மாருதியின் பலேனோ ஆர்.எஸ்.ஸும் அதே வருஷம் அவுட். ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்று கேட்கிற தேசத்தில் ‘எவ்வளவு போகும்?’ என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரிலும் பாதிப் பேர் புதுசு வாங்காமல் பழசை ஏத்துகிறவர்கள்.

அந்தப் பாதியில் ஒருவன்தான் நம் தட்டாஞ்சாவடிப் பையன். அவன் கணக்கைப் பார்ப்போம். டர்போ காரில் சிப் மாற்றினால், அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் திருத்தி எழுதினால், 20, 30 சதவிகிதம் சக்தி கூடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது. டர்போ இல்லாத காரில் அதே செலவுக்குச் சொற்பம்தான் கிடைக்கும். சக்தி கூடினால் கிளட்ச் தாங்க வேண்டும், பிரேக் தாங்க வேண்டும், டயர் தாங்க வேண்டும். பையனின் மூன்று லட்சப் பட்டியலில் பிரேக் இல்லை! கேட்டேன். “அது கம்பெனி போட்டதே போதும்ணே” என்றான். ஜான் கூப்பர் 1961லேயே ஒத்துக்கொள்ளாத விஷயம்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. கம்பெனி குறிப்பிட்டு, ஆர்.சி.யில் பதிவான அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டப்படி, சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது போலீஸ் பிடித்தால். விபத்து என்று ஒன்று நடந்தால் விவகாரம் இன்னும் பெரிசு. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிக்கலாம். அப்போது கணக்கு மூன்று லட்சத்தோடு நிற்காது. அப்பாவின் பட்டறை வரை வரும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கார் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. அதனால்தான் 2017ல் கேரளாவில் அத்தனை ரகளை. விலை உயர்ந்த கார்களைப் போலி விலாசத்தில் பி.ஒய். நம்பருக்குப் பதிந்தார்கள் என்று வழக்கு. நிஜமாகவே தட்டாஞ்சாவடியில் குடியிருக்கிறவனுக்கு அந்தச் சலுகை நேர்மையாகவே கிடைக்கிறது. புதுக் காருக்கு. பழைய காரில் கொட்டுகிற மூன்று லட்சத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. விற்கும்போது ஒரு பைசா திரும்பாது. விலை இன்னும் இறங்கும், ஏனென்றால் ‘ஏத்தின’ வண்டி என்றாலே வாங்குகிறவன் முகம் மாறும்.

ஆக, ஆசையை விடு என்று நான் சொல்லவில்லை. கம்பெனியே ஏற்றிக் கொடுத்ததைப் பார் என்றேன். அவன் வாரம் ரெண்டு முறை போகிற பாதைக்குப் பக்கத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் போட்ட ஐ20 என் லைன் 2021ல் வந்தது. ஒரு லிட்டர் டர்போ, 120 குதிரைசக்தி. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்! ஆரம்ப விலை 9.84 லட்சம். டாடா 2024ல் கொண்டு வந்த ஆல்ட்ராஸ் ரேஸரும் அதே 120. ஆரம்ப விலை 9.49 லட்சம். செகண்ட் ஹேண்டில் இவை கிடைத்தால் அப்பாவுக்கு ஒரு லட்சமோ ரெண்டு லட்சமோ மிச்சம்கூட ஆகலாம்.

பையனுக்கு அது கேட்கவில்லை. அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை, ஜே.டி.பி. யாரோ ஒருத்தர் கோயம்புத்தூரில் விற்கிறாராம், போய்ப் பார்க்கலாம் என்கிறான். சரி, போ. ஆனால் தனியாகப் போகாதே. சர்வீஸ் ரெக்கார்ட் முழுசாக வாங்கு. சாதா டியாகோவில் ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தியிருப்பார்கள், ஆர்.சி.யில் மாடல் பெயரையும் சேஸிஸ் நம்பரையும் ஒப்பிட்டுப் பார். டர்போவில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, ஏற்கெனவே யாராவது சிப்பில் கை வைத்தார்களா என்று நல்ல மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல். ஜே.டி.பி.க்கென்றே செய்த பாகங்கள் இன்னும் கிடைக்கிறதா என்று டாடா சர்வீஸில் எழுத்தில் கேள். கிடைக்காத பாகம் ஏதாவது இருந்தால், அப்போது வேண்டுமானால் அப்பாவின் லேத்தை ஓட்டு.