ரேடியம் தண்ணீரும் குவாண்டம் பதக்கமும்

சென்ற தை மாதம் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தபோது என் பெரியப்பா மகளைப் பார்த்து வந்தேன். அக்காவுக்கு 70 வயது நெருங்குகிறது. 15 வருஷமாகச் சர்க்கரை வியாதி. அத்தான் காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். கழுத்தில் ஒரு கயிறு. அதில் பழைய வெள்ளி ரூபாய் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

"இது என்ன அக்கா, புதிதாக இருக்கிறதே?"

"குவாண்டம் பதக்கம் தம்பி. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்றார்கள். உடம்பிலே இருக்கிற அணுவெல்லாம் தாறுமாறாக ஓடுவதால்தான் வியாதி வருகிறதாம். இதைப் போட்டுக்கொண்டால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடுமாம். தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீருக்கும் அந்தச் சக்தி ஏறுமாம். எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சயன்ஸ்!"

"சரி, மாத்திரை?"

அக்கா பதில் சொல்லவில்லை. இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. இடது கால் கட்டை விரலில் ஒரு புண் ஆறாமல் இருப்பதும் தெரிந்தது.

நான் கதை எழுதுகிறவன், விஞ்ஞானி அல்ல. ஆனால் பழைய வழக்கு விவரங்களைத் தேடிப் படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அப்படிப் படித்த ஓர் அமெரிக்கப் பணக்காரரின் கதை அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தது. அவரும் இப்படி ஒரு தண்ணீரை நம்பிக் குடித்தவர்தான். அன்று மத்தியானம் அக்காவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1898-ம் வருஷக் கடைசியில் பாரிஸ் நகரத்தில் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியரும் ரேடியம் என்ற புதிய மூலகம் ஒன்று இருப்பதாக அறிவித்தார்கள். மழைக்கு ஒழுகும் கொட்டகை ஒன்றில் டன் கணக்கான தாதுவைக் காய்ச்சி வடித்து, 1902-ல் அவர்கள் பிரித்தெடுத்த ரேடியம் உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். அந்தத் துளி இருட்டில் தானாக ஒளி வீசியது. நெருப்பில்லாமலே சூடு தந்தது. உலகம் வியந்து போயிற்று. வியக்க வேண்டிய விஷயந்தான்.

ரேடியம் தோலைப் புண்ணாக்கும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. நல்ல தோலைப் பொசுக்கும் பொருள் பொல்லாத கட்டியையும் பொசுக்கும் அல்லவா? டாக்டர்கள் அதைப் புற்றுநோய்க் கட்டிகளின் மீது வைத்துப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. அது மெய்யான வைத்தியம். எவ்வளவு ரேடியம், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய வைத்தியம்.

கணக்கு இல்லாத வைத்தியம் இன்னொரு வழியாக வந்தது. 1903-ல் ஜே. ஜே. தாம்ஸன் என்ற ஆங்கில விஞ்ஞானி கிணற்று நீரிலும் கதிரியக்கம் உண்டு என்று கண்டார். பிரசித்தி பெற்ற வெந்நீர் ஊற்றுகளிலும் அது இருந்தது. உடனே, 'ஊற்று நீரில் குளித்தால் வியாதி தீருவதற்கு இதுதான் காரணம்' என்று கிளம்பிவிட்டார்கள். அந்த நீரில் இருந்தது ரேடான் என்ற வாயு. நாலு நாளில் அதில் பாதி அழிந்துவிடும். பாட்டிலில் அடைத்து ஊருக்கு அனுப்பினால் வெறும் தண்ணீர்தான் போய்ச் சேரும். இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். உட்புறம் கதிரியக்கத் தாது பூசிய ஒரு ஜாடி! ராத்திரி தண்ணீரை ஊற்றி வைத்துக் காலையில் குடிக்க வேண்டியது. 'ரெவிகேட்டர்' என்ற பெயரில் 1912-ல் அமெரிக்காவில் அதற்குப் பேடண்டும் வாங்கிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரேடியம் என்ற பெயரைப் போட்டு வெறும் சரக்கை விற்ற மோசடிக்காரர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களிடம் வாங்கியவர்களுக்குப் பணம் போயிற்று, உயிர் தப்பியது. சொன்னபடி ரேடியத்தைப் போட்டு விற்ற ஒருவரிடம் வாங்கியவர்கள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அந்த ஒருவர் பெயர் வில்லியம் பெய்லி. ஹார்வர்டு கலாசாலையில் சேர்ந்து பாதியில் விட்டவர். டாக்டர் பட்டம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டார், அது பொய். நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ஈஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில் 'ரேடித்தார்' என்ற மருந்தைத் தயாரித்தார். தயாரிப்பு என்ன பிரமாதம்? வடித்த நீரில் ரேடியத்தின் இரண்டு வகைகளை, வகைக்கு ஒரு மைக்ரோகியூரி வீதம் கலந்து, அரை அவுன்ஸ் பாட்டிலில் அடைத்தார். பாட்டில் ஒரு டாலர். அஜீரணத்திலிருந்து ரத்தக் கொதிப்பு, ஆண்மைக் குறைவு வரை எல்லாவற்றுக்கும் அது கண்கண்ட மருந்து என்று விளம்பரம் செய்தார். சிபாரிசு செய்த டாக்டர்களுக்குக் கமிஷன் வேறு. 400,000 பாட்டில்கள் விற்றன என்கிறார்கள்.

இத்தனைக்கும் ரேடியத்தின் குணம் தெரியாத காலம் அல்ல அது. பக்கத்து ஊரான ஆரஞ்சிலேயே ஒரு தொழிற்சாலை இருந்தது. இருட்டில் ஒளிரும் கடிகாரங்களுக்கு அங்கே பெண்கள் ரேடியம் கலந்த சாயத்தால் எண் எழுதினார்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டே எழுதினார்கள். தாடை எலும்பு அழுகி ஒவ்வொருத்தியாகச் சாகத் தொடங்கினார்கள். அவர்கள் எலும்பில் ரேடியம் தங்கியிருக்கிறது என்று 1925-ல் ஹாரிஸன் மார்ட்லண்ட் என்ற டாக்டர் காட்டினார். 1928-ல் அந்தப் பெண்களின் வழக்கு சமரசமாக முடிந்தது. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பெய்லியின் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

இனிமேல் நம் பணக்காரரைப் பார்க்கலாம். எபன் பையர்ஸ் என்று பெயர். பிட்ஸ்பர்க் நகரத்து இரும்புத் தொழிலதிபர். 1906-ல் அமெரிக்க அமெச்சூர் கோல்ப் பந்தயத்தில் ஜெயித்தவர். 1927-ல் ரயிலில் வரும்போது மேல் படுக்கையிலிருந்து விழுந்து கையில் அடிபட்டது. வலி போகவில்லை. அவருடைய டாக்டர் ரேடித்தாரைச் சொன்னார். குடித்தவுடன் இளமை திரும்பியதுபோல் இருந்ததாம். நாளுக்கு இரண்டு, மூன்று பாட்டில் என்று குடித்தார். நண்பர்களுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பினார். தம் பந்தயக் குதிரைகளுக்கும் கொடுத்தார் என்று சொல்வார்கள். மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள்.

ரேடியத்தின் சூது இதுதான். ரசாயன குணத்தில் அது சுண்ணாம்புச் சத்துக்கு உறவு. ஆகவே உடம்பு அதைச் சுண்ணாம்பு என்று நம்பி எலும்பில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. வந்த விருந்தாளி பிறகு போவதே இல்லை. உள்ளே இருந்தபடி எலும்பைச் சுட்டுக்கொண்டே இருக்கிறது. பையர்ஸுக்கு முதலில் உடம்பு இளைத்தது, தலைவலி வந்தது, பற்கள் விழுந்தன. 1931-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் ரேடித்தாரைப் பற்றி விசாரித்தபோது அவரால் சாட்சி சொல்லப் போக முடியவில்லை. கமிஷனின் வக்கீல் அவர் வீட்டுக்கே போனார். மாளிகையில் கிடந்த மனிதருக்கு மேல் தாடையில் இரண்டு பல்லைத் தவிர மற்றெல்லாம் எடுக்கப்பட்டிருந்தது. கீழ்த் தாடையிலும் பெரும்பகுதி இல்லை. மண்டை ஓட்டில் துவாரங்கள். 1932 மார்ச் 31-ல் அவர் இறந்தார். வயது 51. 1965-ல் ஆராய்ச்சிக்காக அவர் உடலைத் தோண்டி எடுத்து அளந்தபோது எலும்புகளில் கதிர்வீச்சு அப்படியே இருந்தது. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும்.

பெய்லி கடைசி வரை தம் தண்ணீரில் குற்றமில்லை என்றே சாதித்தார். தாமே அதைக் குடித்ததாகவும் சொன்னார். 1949-ல் மூத்திரப்பையில் புற்றுநோய் வந்து இறந்தார். அந்த மனிதர் தம் சரக்கைத் தாமே நம்பினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம்பிக்கொண்டே விற்பவனிடம் ஏமாறுவது இன்னும் சுலபம்.

நிற்க. ரேடியத்தின் மவுசு குறைந்தது. அந்தச் சிம்மாசனத்தில் பிற்பாடு வந்து உட்கார்ந்த சொல்தான் குவாண்டம்.

1900 டிசம்பரில் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் என்ற பேராசிரியர், காய்ந்த பொருள் வீசும் ஒளியின் நிறங்களுக்குக் கணக்குச் சொல்ல முயன்றார். ஒளியின் சக்தி குழாய்த் தண்ணீர்போல் தொடர்ந்து வராமல், படிப்படியாக, சிறுசிறு அளவாக வருகிறது என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு ஒத்துவந்தது. அந்த அளவை நிர்ணயிக்கும் எண் எத்தனை சிறியது தெரியுமா? சைபர், புள்ளி, அதற்குப் பிறகு 33 சைபர் போட்டால் அப்புறம்தான் ஒரு 6 வரும்! அந்த எண்ணிலிருந்து பிறந்ததுதான் டிரான்ஸிஸ்டர்; அதிலிருந்து பிறந்ததுதான் லேஸர். ஆஸ்பத்திரியில் குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படம் பிடிக்கிறார்களே, எம்.ஆர்.ஐ., அதுவும் அந்த வம்சந்தான்.

இதிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு எப்படி வந்தார்கள்? 'அணுவைப் பார்த்தால் அதன் நிலை மாறுகிறது' என்பது குவாண்டம் சாஸ்திரத்தில் ஒரு முடிவு. இங்கே பார்ப்பது என்பது கருவியால் அளப்பது. யார் மனத்தில் என்ன நினைத்தார்கள் என்பதைப் பற்றி அந்தச் சமன்பாட்டில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. 'பார்ப்பது' என்ற சொல்லை எடுத்து, 'நினைப்பது' என்று திருப்பி, 'ஆகவே நினைத்தால் நோய் போகும்' என்று முடித்துவிட்டார்கள். ஷ்ரோடிங்கர் உபநிஷதத்தை விரும்பிப் படித்தாரே என்பார்கள். வாஸ்தவம். வேதாந்தத்தைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆனால் 1926-ல் அவர் எழுதிய சமன்பாட்டில் உபநிஷதத்தைச் சேர்க்கவில்லை. அதைக் காட்டி யாருக்கும் மருந்தும் விற்கவில்லை.

1989-ல் தீபக் சோப்ரா என்ற டாக்டர் அமெரிக்காவில் 'குவாண்டம் ஹீலிங்' என்று ஒரு புஸ்தகம் எழுதினார். அமோகமாக விற்றது. விஞ்ஞானத்தைக் கேலி செய்யும் 'இக் நோபல்' பரிசை 1998-ல் அவருக்குக் கொடுத்தார்கள். 2007-ல் ஒரு டெலிவிஷன் பேட்டியில் கேட்டபோது, குவாண்டம் என்பதைத் தாம் உவமையாகத்தான் சொன்னதாகச் சொன்னார். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. உவமை எழுதித்தான் நானும் பிழைக்கிறேன். 'அவள் முகம் சந்திரன்' என்று எழுதியிருக்கிறேன். அந்த முகத்தை நம்பி யாரும் வீட்டு விளக்கை அணைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறேன். உவமையை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அது இலக்கியம் ஆகாது.

கதையின் கடைசிப் பகுதிதான் பயங்கரம். ரேடியோ அலை, டெலிபோன் அலை இவற்றிலிருந்து உடம்பைக் காப்பதாகச் சொல்லி விற்ற பதக்கங்களையும் காப்புகளையும் நெதர்லாந்து தேசத்து அணுப் பாதுகாப்புத் துறையினர் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பத்துப் பொருள்களின் பெயரை வெளியிட்டு, 'இவை தாமே கதிர் வீசுகின்றன. அணியாதீர்கள்' என்று எச்சரித்தார்கள். குவாண்டம் என்ற பெயர் தாங்கிய பதக்கமும் அதில் உண்டு; குழந்தைகள் அணியும் காப்பும் உண்டு. இந்த மாதிரிச் சரக்குகளைச் சோதித்தவர்கள் சிலவற்றில் தோரியம் கண்டிருக்கிறார்கள். முன்னெல்லாம் கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் இருந்ததே, அதே தோரியம். நம் மணவாளக்குறிச்சி மணலிலும் இருக்கிறது. பதக்கத்திலிருந்து வரும் கதிர் குறைவுதான். ஆனால் இரவும் பகலும் வருஷக் கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடந்தால்? பெய்லியின் பாட்டில் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்ததுபோல் இருந்தது எனக்கு.

அக்கா முழுவதையும் கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி பெய்லியைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ அல்ல.

"அவ்வளவு படித்த மனுஷர், ஏன் தம்பி நிறுத்தவில்லை?"

"ஆரம்பத்தில் சுகமாக இருந்ததே அக்கா, அதனால்தான்."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதித் தருகிறார். அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தான் எப்படிப் போனார், ராத்திரி தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டான். நீயுங்கூடக் கேட்டதில்லை."

இதற்கு என்னிடம் சரித்திர ஆதாரம் எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது கிடக்கட்டும். குவாண்டம், குவாண்டம் என்கிறார்களே, அதற்கு என்னதான் அர்த்தம்?"

"லத்தீன் பாஷை அக்கா. 'எவ்வளவு?' என்று அர்த்தம்."

அக்கா கயிற்றைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சாயங்காலம் சீட்டு வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எவ்வளவு?" என்று கேட்டாள். 286 என்று படித்துச் சொன்னேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அலமாரியைத் திறந்து மாத்திரையை எடுத்துக்கொண்டாள். கால் புண்ணுக்கு இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் டெலிபோன் செய்கிறேன். முதலில் தூக்கம் வந்ததா என்று கேட்டுவிட்டு, பிறகு, "எவ்வளவு அக்கா?" என்கிறேன்.