செயின்ட் ஆண்ட்ரூஸ் பட அஞ்சலட்டைகள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கழகம் 1754இல் தோன்றியது. 1834இல் மன்னர் நான்காம் வில்லியத்தின் ஆதரவால் 'ராயல் அண்டு ஏன்ஷியன்ட்' என்னும் பெயரைப் பெற்று, 1854இல் தனக்கெனக் கற்கட்டடம் ஒன்றை எழுப்பிக்கொண்டது. அக்கட்டடமும் அதன் முன்னுள்ள புல்வெளியும் எண்ணற்ற பட அஞ்சலட்டைகளில் இடம்பெற்றன.

பிரிட்டனில் தனியார் அச்சிட்ட அட்டைகளை அஞ்சலில் அனுப்ப இசைவு கிடைத்தது 1894இல். முகவரிப் பக்கத்தில் செய்தி எழுதலாகாது என்பது அன்றைய விதி. ஆகவே படத்தின் ஓரத்திலேயே நாலு சொல்லை நெருக்கி எழுதினர். 1902இல்தான் முகவரிப் பக்கம் இரண்டாகப் பகுக்கப்பட்டுச் செய்திக்கும் இடம் கிடைத்தது. சொற்சுருக்கம் கவிஞர்க்கு மட்டுமே வாய்த்த நெருக்கடியன்று போலும்!

இவ்வட்டைகளைத் திரட்டுவோர் காலக்கணிப்பில் எளிதில் ஏமாறுவர். அஞ்சல் முத்திரை, அட்டை அனுப்பப்பட்ட நாளையே சொல்லும்; படம் எடுத்த நாளைச் சொல்லாது. டண்டீ நகரத்து வாலன்டைன் நிறுவனம் போன்றோர் பழைய படங்களையே மீண்டும் மீண்டும் அச்சிட்டு விற்றனர். வண்ணத்தையும் நம்புவதற்கில்லை; கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அச்சகத்தார் ஏற்றிய நிறம் அது. படத்துக்குள்ளேயே சான்று தேடுதல் நன்று. பதினெட்டாம் குழியை அடுத்துச் செந்நிறக் கல்லால் எழுந்த கிராண்ட் ஓட்டல் 1895இல் திறக்கப்பட்டது. அது நிற்க வேண்டிய இடம் வெறுமையாயின், படம் அதற்கு முற்பட்டது.

எழுத்துப் படாத தூய அட்டையையே நாடுவோர் உளர். வரலாற்றுக்கு அது ஊமை. அஞ்சல்தலையை உரித்தெடுத்த அட்டைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தலையோடு முத்திரையில் பாதியும் போய்விடுகிறது. அரைப் பென்னியாக இருந்த கட்டணம் 1918இல் ஒரு பென்னியாயிற்று என்பதால், அத்தலையே ஒரு காலச் சான்றாகும்.

கட்டடத்தை நடுவில் நிறுத்தும் இப்படங்கள், நிலமும் கழகத்தினுடையதே என்ற மயக்கத்தை உண்டாக்குகின்றன. உண்மையில் அது ஊர்ப் பொதுநிலம். மக்கள் அங்கே விளையாடும் உரிமையைப் பேராயர் ஹாமில்டனின் 1552ஆம் ஆண்டுச் சாசனம் உறுதிசெய்துள்ளது. ஊர்ப் பெண்கள் 1867இல் தமக்கெனத் தனிக் கழகம் கண்டனர். பழைய கழகமோ, பெண்களை உறுப்பினராக ஏற்க 2014இல்தான் வாக்களித்தது.

நான்கு முறை ஓப்பன் போட்டியை வென்று 1908இல் மறைந்த டாம் மாரிஸ், நரைத்த தாடியுடன் அட்டைகளில் நிற்கிறார். அவர் பெயரை அச்சிட்டார்கள். மட்டைகளைச் சுமந்து படத்தின் ஓரத்தில் நிற்கும் கூலியாளின் பெயரோ, அனுப்பியவர் எவரேனும் அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.