போன்ல தெரியுற போட்டோ போன்லதான் இருக்கா? பேக்கப் எடுக்கும் முன் இதை செக் பண்ணுங்க!

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் அலறியதும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பட்டனைத் தட்டியிருப்பீர்கள். இடம் காலியாகிவிட்டது. கேலரியைத் திறந்தால் கல்யாண வீடியோ முதல் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை எல்லாம் அப்படியே தெரிகிறது. அப்புறம் என்ன பிரச்னை?

பிரச்னை பேக்கப் எடுக்கும்போதுதான். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சின்ன முன்னோட்டப் படம். ஒரிஜினல் ஃபைல் கிளவுடுக்குப் போய்விட்டது. அடிக்கடி தேவைப்படுவது கைக்குப் பக்கத்தில், மற்றவை தூரத்தில். பெரிய கம்பெனிகளில் இதை 'டயர்டு ஸ்டோரேஜ்' என்பார்கள். நம்ம வீட்டுப் பரண் மாதிரிதான்.

சந்தேகமாக இருக்கா? ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபையையும் நிறுத்திவிட்டு, பழைய வீடியோ ஒன்றை ப்ளே பண்ணிப் பாருங்க. ஓடலைன்னா அது உங்க போன்ல இல்லை!

ஆண்ட்ராய்டு

கூகுள் போட்டோஸில் இடம் காலி செய்த பிறகு, கேபிள் போட்டு போனை கம்ப்யூட்டருக்கு காப்பி செய்தால் அந்தப் படங்கள் வராது. கம்ப்யூட்டரில் 'கூகுள் டேக்அவுட்' பக்கத்துக்குப் போய், கூகுள் போட்டோஸை மட்டும் தேர்வு செய்து டவுன்லோடு பண்ணுங்க. 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்தில் ஏற்றியிருந்தால், சுருக்கப்பட்ட படம்தான் கிடைக்கும்.

ஐபோன்

'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' ஆனில் இருந்தால், ஒரிஜினல்கள் ஐகிளவுடில் இருக்கும். ஐகிளவுட் போட்டோஸில் இருக்கும் படங்கள், கம்ப்யூட்டரில் எடுக்கும் ஐபோன் பேக்கப்பில் சேராது. போதுமான இடமுள்ள மேக்கில் 'டவுன்லோடு ஒரிஜினல்ஸ்' ஆப்ஷனைத் தேர்வு செய்யலாம். இல்லையென்றால், ஆப்பிளின் ப்ரைவசி பக்கத்தில் உங்கள் டேட்டாவின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

லேப்டாப்

ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஃபைலுக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால், அது இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்க. பச்சை டிக் வந்த பிறகு ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்க.

'அதான் கிளவுட்ல இருக்கே?'

இருக்கு. ஆனா, அது ஒரே ஒரு காப்பி. ஆப்பில் டெலீட் செய்தால் கிளவுடிலும் போய்விடும். அழித்ததை மீட்க ஐகிளவுடில் 30 நாள்கள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள்கள்தான் அவகாசம். 2 வருடங்கள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம். மறைந்த அப்பாவின் கணக்கில் இருக்கும் படங்களை நினைச்சுப் பாருங்க.

பாதுகாப்புக்கு '3-2-1' என்றொரு எளிய விதி உண்டு. 3 காப்பிகள், 2 வகை சாதனங்களில். அதில் 1 வீட்டுக்கு வெளியே. வெளியே இருப்பது கிளவுட். மற்றவை கம்ப்யூட்டரிலும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

காப்பி முடிந்ததும் நெட்டை ஆஃப் செய்துவிட்டு, ஹார்டு டிஸ்க்கில் இருந்து நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்க. அவை முழுசாகத் திறந்தால்தான் அது பேக்கப். அதுவரை கிளவுடில் எதையும் டெலீட் பண்ணாதீங்க!