செம்பனைத் தோட்டமும் சாதியும்: ‘நீடித்த வேளாண்மை’ எதைக் கணக்கில் கொள்கிறது?

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்கு வழங்கப்படும் பாமாயிலின் மூலப்பொருள் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. இந்த எண்ணெயின் நீடித்த உற்பத்தி குறித்த உலக விவாதம் காடழிப்பையும் ஓராங்குட்டான்களின் அழிவையுமே முதன்மையாகப் பேசுகிறது. அவை பொய்யான கவலைகள் அல்ல. ஆயினும், மரத்தடியில் நிற்கும் மனிதர் எத்தகைய சமூக ஏற்பாட்டுக்குள் உழைக்கிறார் என்ற கேள்வி அவ்விவாதத்தின் ஓரத்திலேயே இருத்தப்படுகிறது.

எண்ணெய்ப்பனையை மலேசியத் தமிழர் செம்பனை என்பர். மலாயாவில் அது வணிகப் பயிராக முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரே அங்கு உழைத்தோர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரில் கணிசமானோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். நிலமற்ற நிலையும் பண்ணையடிமைத்தனமும் பஞ்சமும் அவர்களைக் கப்பலேற்றின. ஆனால் கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவுவட்டத்திலிருந்தும் ஆள்சேர்த்ததால், ஊரின் சாதிப் படிநிலையும் உடன் சென்றது. சேரியிலிருந்து தப்பிய சிலர், தோட்டக் குடியிருப்பிலும் தனி வரிசையில் வைக்கப்பட்டனர். தோட்டத் தமிழரிடையே சாதி எவ்வாறு உருமாறி நீடித்தது என்பதை மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியான தம் ஆய்வு நூலில் பதிவு செய்துள்ளார்.

1960களில் ரப்பர் விலை சரிய, பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பரவியது. பால்மரத்துக்கு அன்றாடம் ஆள் வேண்டும். செம்பனையில் ஒரு மரத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். எனவே ஆட்தேவை குறைந்தது. 1969க்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. எஞ்சியோர் வேலையை இழந்தபோது வீட்டையும் இழந்தனர்; ஏனெனில் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறைகளாக உழைத்த மண்ணில் ஒரு பிடி நிலமும் அவர்களுக்கு இல்லை. அதே காலத்தில், 1956இல் தொடங்கப்பட்ட ஃபெல்டா நிலக் குடியேற்றத் திட்டம் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்களுக்கே நிலம் வழங்கியது. நிலமுள்ளவர் மண்ணைப் பேணுவதற்கும், நாளைக்கே வெளியேற்றப்படக்கூடியவர் பேணுவதற்கும் உள்ள வேறுபாட்டை வேளாண் வல்லுநர்கள் ஏனோ அதிகம் எழுதுவதில்லை.

குலை வெட்டுவது ஆண்களின் வேலை என்றும், உதிரிப்பழம் பொறுக்குவதும் களைக்கொல்லி தெளிப்பதும் ‘இலகுவான’ பெண்கள் வேலை என்றும் வகுக்கப்பட்டது. அந்த இலகுவான வேலை என்பது முதுகில் நச்சைச் சுமந்து நடப்பதே. ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனிதா அமைப்பு 2002இல் பங்கேற்று வெளியிட்ட ஆய்வு, தெளிப்பாளர்களான பெண்களின் உடல்நலக் கேடுகளை வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டே பாராகுவாட்டைத் தடைசெய்ய முடிவெடுத்த மலேசிய அரசு பின்னர் பின்வாங்கியது. தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2020 சனவரியில்தான். இடையில் கழிந்த ஆண்டுகளின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

2004இல் உருவான நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பு, தன் விதிகளில் சாதியின் பெயரைச் சொல்லியே பாகுபாட்டைத் தடைசெய்கிறது. உலகச் சான்றளிப்பு விதி ஒன்றில் இச்சொல் இடம்பெற்றது முக்கியமானது. ஆனால் சாதியைத் தணிக்கை செய்வது எவ்வாறு? தணிக்கையாளர் கோப்புகளைப் பார்க்கிறார். நிர்வாகம் அறிய நடக்கும் நேர்காணல்களில் தொழிலாளரைச் சந்திக்கிறார். வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கும்போது அங்கே என்ன பேச முடியும்?

இன்று மலேசியத் தோட்டங்களில் பெரிதும் உழைப்போர் இந்தோனேசியா, வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகளின் புலம்பெயர் தொழிலாளர். கங்காணியின் இடத்தில் ஆள்சேர்ப்பு முகவர். முன்பணக் கடனின் இடத்தில் முகவர் கட்டணம். 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புக்கான சான்றுகளைக் காட்டி எஃப்ஜிவி, சைம் டார்பி பிளான்டேஷன் ஆகிய இரு பெருநிறுவனங்களின் பாமாயிலைத் தடுத்தது. இரண்டுமே வட்டமேசை அமைப்பின் உறுப்பினர்கள். அதன் பிறகே தொழிலாளர் செலுத்திய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடுகள் வேகம் பெற்றன. பல பத்தாண்டுகளுக்கு முன் தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அத்தகைய கணக்குத் தீர்ப்பு எதுவும் இல்லை.